வண்ணக்கனின் கண்

தமிழில் ‘நாணயம்’ என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. ஒன்று கையில் புழங்கும் காசு. மற்றொன்று மனிதரிடம் நாம் எதிர்பார்க்கும் நேர்மை. காசுக்கும் நேர்மைக்கும் ஒரே சொல்லை வழங்கும் இந்த மொழி, காசின் நேர்மை கேள்விக்குரியது என்பதையும் நெடுங்காலமாக அறிந்தே வந்திருக்கிறது. திருவீழிமிழலையில் பஞ்சம் வந்த காலத்தில், அடியார்க்கு அமுதளிக்க அப்பருக்கும் சம்பந்தருக்கும் இறைவன் நாள்தோறும் படிக்காசு அளித்ததாகப் பெரியபுராணம் கூறும். அப்பரின் மடத்தில் காலத்தே உணவு ஆயிற்று. சம்பந்தரின் மடத்தில் தாமதம் ஆயிற்று. காரணம் கேட்டபோது, சம்பந்தர் பெற்ற காசுக்குக் கடைத்தெருவில் ‘வாசி’ கேட்கிறார்கள் என்று விடை வந்தது. வாசி என்றால் காசு மாற்றும்போது கழிக்கப்படும் வட்டம். அதன் பிறகே சம்பந்தர் வாசியற்ற காசு வேண்டிப் பதிகம் பாடினார்.

இக்கதையைப் பக்தியின் கதையாக மட்டும் படித்துவிட்டுக் கடந்துபோவது நம் வழக்கம். நாணயவியல் நோக்கில் படித்தால் இதில் வேறொரு செய்தி கிடைக்கிறது. கொடுத்தவன் இறைவனே ஆனாலும், வாங்குகிற வணிகன் சோதித்துத்தான் வாங்குவான். காசின் மதிப்பை அதை வெளியிட்டவர் அறிவிக்கலாம். தீர்மானிப்பவர் கடைவீதியில் உட்கார்ந்திருப்பவர். அந்த மனிதரின் கைத்தடம்தான் பழைய வெள்ளிக் காசுகளின் மேல் சிறு குறிகளாகவும் வெட்டுகளாகவும் இன்றும் எஞ்சியிருக்கிறது. அத்தடத்தை நாம் படிக்கத் தவறுகிறோம் என்பதும், படிப்பதற்கு முன்பே அதை அழித்துக்கொண்டிருக்கிறோம் என்பதுமே இக்கட்டுரையின் வாதம்.

*

இந்தியத் துணைக்கண்டத்தின் மிகப் பழைய காசுகள் முத்திரைக் காசுகள் எனப்படும் வெள்ளித் துண்டுகள். இவற்றின் தொடக்கம் ஏறத்தாழ கி.மு. ஆறாம் அல்லது ஐந்தாம் நூற்றாண்டு. வெள்ளியைத் தகடாகத் தட்டி, துண்டுகளாக நறுக்கி, எடை மிகுந்திருந்தால் மூலைகளை வெட்டிச் சரிசெய்து, பின்னர் ஒவ்வொரு முத்திரையாகக் குத்தினார்கள். ஆகவேதான் அவை சதுரமும் அல்லாத, வட்டமும் அல்லாத கோணல் வடிவங்களில் இருக்கின்றன. பரவலாக வழங்கிய கார்ஷாபணத்தின் எடை 32 குன்றிமணி. நம் கணக்கில் ஏறத்தாழ 3.4 கிராம். மகத, மௌரிய வரிசைக் காசுகளின் முகப்பில் வழக்கமாக ஐந்து முத்திரைகள் இருக்கும். கதிரவன், ஆறு கரங்கள் கொண்ட சக்கரம், மூன்று வளைவு கொண்ட குன்று, குன்றின் மேல் மயில், யானை, காளை, வேலியிட்ட மரம் என அவை பல திறத்தன. அரசன் பெயர் இல்லை, எழுத்து இல்லை, ஆண்டு இல்லை.

எழுத்து இல்லாத பொருளைக் கண்டால் தமிழ் படித்த நமக்கு ஒருவகைப் பதற்றம் வந்துவிடுகிறது. ஏதேனும் ஒரு கோட்டை எழுத்தாகப் படித்தாக வேண்டும் என்ற விழைவு தோன்றுகிறது. சிந்துவெளி முத்திரையின் குறியோடு ஒப்பிடுகிறோம். தமிழி எழுத்தோடு ஒப்பிடுகிறோம். அதன் வழியே ஒரு மன்னனைக் கண்டுபிடித்துவிடுகிறோம். ஒப்பிடுவதில் பிழையில்லை. ஆனால் ஒரு குறியை எழுத்து என்று சொல்வதற்கு முன், அது காசின் எந்தப் பக்கத்தில் இருக்கிறது, எத்தனை காசுகளில் அதே இடத்தில் வருகிறது, முகப்பு முத்திரைக்கு முன் குத்தப்பட்டதா பின் குத்தப்பட்டதா, அதன் ஓரம் தேய்ந்திருக்கிறதா கூர்மையாக இருக்கிறதா என்ற எளிய கேள்விகளைக் கேட்க வேண்டும். பெரும்பாலான ‘கண்டுபிடிப்புகள்’ இக்கேள்விகளைத் தாண்டுவதில்லை.

முத்திரைக் காசின் முகப்பைவிட அதன் முதுகு நம் ஆர்வத்துக்கு உரியது. முந்தைய காலக் காசுகளின் பின்புறத்தில் மிகச் சிறிய குறிகள் ஒன்று, இரண்டு, ஐந்து, பத்து என்று சிதறிக் கிடக்கும். ஒன்றன் மேல் ஒன்று ஏறியும் இருக்கும். இவற்றைக் காசுக்கடைக்காரர்கள் தம் சோதனைக்கு அடையாளமாக இட்ட குறிகள் என்று அறிஞர்கள் நெடுங்காலமாகக் கருதிவந்தார்கள். இந்த ஊகத்தை எண்களைக் கொண்டு சோதித்தவர் கணிதப் பேராசிரியரான டி.டி. கோசாம்பி. தட்சசீலத்தின் பீர் மேட்டில் 1924இல் கிடைத்த புதையலில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட முத்திரைக் காசுகள் இருந்தன; அவற்றோடு அலெக்சாண்டரின் காசுகள் இரண்டும், பிலிப்பு அரிதேயசின் காசு ஒன்றும் தேய்மானமில்லாமல் கிடைத்தமையால் புதையலின் காலத்தை ஓரளவு உறுதியாகச் சொல்ல முடிந்தது. இத்தகைய தொகுதிகளின் எடைகளைக் கோசாம்பி புள்ளியியல் முறையில் ஆராய்ந்தார். பின்புறக் குறிகளின் எண்ணிக்கை கூடக்கூடக் காசின் சராசரி எடை குறைந்துகொண்டே வருவதைக் காட்டினார். கைமாறக் கைமாறக் காசு தேய்கிறது. காலந்தோறும் யாரோ ஒருவர் அதை நிறுத்துப் பார்த்துக் குறியிடுகிறார். ஆக, குறிகளின் எண்ணிக்கை காசின் வயதைச் சொல்கிறது.

இதில் நம்மைக் கவர்வது முடிவைவிட முறைதான். தம் காலத்தில் புழங்கிய ரூபாய்க் காசுகளையும் நிறுத்துப் பார்த்து, காசு எவ்வாறு தேய்கிறது என்பதை அறிந்துகொண்ட பிறகே கோசாம்பி பழங்காசுகளைப் பற்றிப் பேசினார். பிற்கால ஆய்வாளர்கள் அவர் முடிவுகளுக்கு வரம்பு கட்டியிருக்கிறார்கள். மௌரியர் காலத்துப் பிற்பட்ட வரிசைகளில் பின்புறத்தில் பெரும்பாலும் ஒரே ஒரு தெளிவான முத்திரைதான் இருக்கிறது. அது வணிகர் இட்டதன்று, வெளியிட்டவரே இட்டது என்று இன்று கருதப்படுகிறது. தமிழகத்தில் போடிநாயக்கனூரில் கிடைத்த ஒரே வகையைச் சேர்ந்த வெள்ளி முத்திரைக் காசுகளின் பின்புறத்தில் மீன் போன்ற குறி இருப்பதனால்தான் அவை பாண்டியருடையவை எனக் கொள்ளப்படுகின்றன. வணிகன் குறியா, அரசன் குறியா என்ற வேறுபாடு இங்கே ஒரு நாட்டின் வரலாற்றையே தீர்மானிக்கிறது. தனிக் காசு ஒன்றை வைத்துக்கொண்டு இதை முடிவு செய்ய இயலாது. ஒரே தொகுதியில் பல காசுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலன்றி இரண்டும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும்.

*

குறியிடுவது மென்மையான சோதனை. வெட்டிப் பார்ப்பது அதனினும் கடுமையானது. ஏதென்சின் ஆந்தைக் காசுகள் எகிப்து முதலிய கிழக்கு நாடுகளுக்குச் சென்றபோது, அங்கே அவற்றை உளியால் ஆழ வெட்டி உட்புறம் வெள்ளிதானா என்று பார்த்தார்கள். ஆந்தையின் தலை பிளந்த காசுகள் இன்றும் அருங்காட்சியகங்களில் உள்ளன. செம்பு நடுவும் வெள்ளி மேற்பூச்சுமாக அன்றே கள்ளக்காசு செய்தார்கள் என்பதால் இந்த வெட்டு தேவைப்பட்டது. ஏதென்சிலும் இதற்கு ஒரு சட்டம் இருந்தது. கி.மு. 375ஆம் ஆண்டை ஒட்டிய அச்சட்டம் பொறித்த கல் 1970இல் ஏதென்சின் பழைய சந்தைவெளியில் கிடைத்தது. பொது அடிமை ஒருவன் காசு மாற்றும் மேசைகளுக்கு நடுவே உட்கார்ந்து காசுகளைச் சோதிக்க வேண்டும். உள்ளே செம்போ ஈயமோ இருந்தால் அங்கேயே வெட்டிப் போட வேண்டும். கடமையில் தவறினால் அவனுக்குச் சவுக்கடி. நல்ல காசு என்று அவன் ஒப்புக்கொண்டதை மறுக்கும் வணிகனின் சரக்கு பறிமுதல் செய்யப்படும். சோதனை என்பது அவநம்பிக்கையின் வெளிப்பாடு மட்டுமன்று. நம்பிக்கையை மீட்டுத்தரும் அமைப்பும் அதுவே என்பதை இச்சட்டம் உணர்த்துகிறது.

நம் பக்கம் வருவோம். கொங்கு நாட்டின் வெள்ளலூரில் பத்தொன்பது, இருபதாம் நூற்றாண்டுகளில் பலமுறை உரோமக் காசுகள் குவியலாகக் கிடைத்தன. தென்னிந்தியாவில் கிடைத்த உரோம வெள்ளித் தினாரியசுகளில் மிகப் பெரும்பாலானவை அகஸ்டஸ், டைபீரியஸ் ஆகிய இருவர் வெளியிட்டவை. அதிலும் குறிப்பிட்ட இரண்டு வகைகளே திரும்பத் திரும்ப வருகின்றன. தெலங்கானாவின் அக்கன்பள்ளிப் புதையலில் கிடைத்த தினாரியசுகள் பலவற்றின் மேல் சிறு சிறு குறிகள் குத்தப்பட்டுள்ளன. முத்திரைக் காசின் முதுகில் குறியிட்டுப் பழகிய மரபு, கடல் கடந்து வந்த காசின் மேலும் தன் கையை வைத்தது என்று இதைப் படிக்கலாம். புதுக்கோட்டையில் 1898இல் கிடைத்த 501 உரோமப் பொற்காசுகளிலோ மிகப் பெரும்பாலானவற்றில் பேரரசனின் முகத்துக்குக் குறுக்கே வெட்டு இருந்தது.

முகத்தை ஏன் வெட்டினார்கள்? மாற்றுப் பார்க்க என்றார் சிலர். இனி இது காசன்று, எடைக்கு எடை உலோகமே என்று அறிவிக்க என்றார் சிலர். உருவத்தை ஏற்காத சமயநோக்கு என்றாரும் உளர். நம் கருத்தில் இரண்டாவது விளக்கமே பொருத்தமானது. மாற்றுப் பார்ப்பது மட்டுமே நோக்கம் என்றால் ஓரத்தில் ஒரு கீறல் போதும். பொன்னுக்கு உரைகல்லே போதும். அதே இடத்தில், அதே திசையில், ஒரு புதையலின் மிகப் பெரும்பாலான காசுகளில் வெட்டு விழுகிறது என்றால் அது தனி வணிகரின் ஐயமாக இருக்க முடியாது. ஏதோ ஓர் அதிகாரத்தின் முடிவாகவே இருக்க வேண்டும். இங்கும் அதே பாடம்தான். தனியாகக் கிடைத்த ஒரு வெட்டுக் காசு நமக்குச் சொல்லாததைப் புதையல் முழுவதும் சேர்ந்து சொல்லுகிறது.

*

இந்தச் சோதனையாளருக்குத் தமிழில் பெயர் உண்டு. அவர் பெயர் வண்ணக்கன். பொன்னும் காசும் நோட்டம் பார்ப்பவர் என்பது அச்சொல்லின் பொருள். சங்கத் தொகைகளில் வடமவண்ணக்கன் பேரிசாத்தனார், வடமவண்ணக்கன் தாமோதரனார், விற்றூற்று வண்ணக்கன் தத்தனார், புதுக்கயத்து வண்ணக்கன் கம்பூர்கிழான் என்று இத்தொழிற்பெயரைத் தாங்கிய புலவர்கள் பலர் இருக்கிறார்கள். ‘வடம’ என்ற அடை வடக்கிலிருந்து வந்த குடியைச் சுட்டும் என்பர். புகலூர்க் குகையின் தமிழிக் கல்வெட்டு கருவூர்ப் பொன்வாணிகன் ஒருவனின் கொடையைப் பதிந்து வைத்திருக்கிறது. முசிறிக்கு யவனர் கலங்கள் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பிய செய்தியை அகநானூற்றில் படித்து நாம் மகிழ்கிறோம். வந்த பொன்னை யார் நிறுத்தார், யார் உரசினார், யார் ஏற்றார், யார் திருப்பியனுப்பினார் என்ற கேள்வியை நம் உரையாசிரியர் மரபும் எழுப்பவில்லை. நம் பாடத்திட்டமும் எழுப்பவில்லை.

தமிழ் இலக்கியம் பயிலும் முதுகலை மாணவரிடம் வண்ணக்கன் என்றால் என்ன என்று கேட்டால், அஃது ஓர் ஊர்ப்பெயர் என்றோ நிறம் தீட்டுபவர் என்றோ விடை வருகிறது. குறை மாணவருடையதன்று. புலவர் பெயரைத் தேர்வுக்கான பட்டியலாக்கி, அப்பெயருக்குள் இருந்த தொழிலை வெளியே தள்ளியவர்கள் நாம். வள்ளுவர் மனிதரின் தரத்தை அறியும் இடத்தில் கட்டளைக்கல்லை உவமை கூறுகிறார். பொன்னை உரைத்துப் பார்க்கும் தொழில் எல்லாருக்கும் கண்ணெதிரே நடந்த சமூகத்தில்தான் அந்த உவமை நேரே நெஞ்சில் தைக்கும். இடைக்காலக் கல்வெட்டுகளில் பொன்னின் தரத்தைச் சுட்டுமிடத்தே துளை, நிறை, தீப்போக்கு என்ற சொற்கள் வருகின்றன. துளையிட்டுப் பார்த்தது, நிறுத்துப் பார்த்தது, தீயிலிட்டுப் பார்த்தது என்று அவை மூன்று சோதனைகளின் பெயர்கள். மேற்பரப்பைப் பார்த்து ஏமாறக்கூடாது என்பதை அறிந்தவர்கள் புழங்கிய சொற்கள் அவை.

*

மேற்பரப்பு ஏமாற்றும் என்பதை நவீன அறிவியல் சற்றுத் தாமதமாகவே ஒப்புக்கொண்டது. வெள்ளியும் செம்பும் கலந்த காசைச் செய்யும்போது சூடேற்றுவதால் மேற்புறத்துச் செம்பு கறுக்கிறது. அந்தக் கறுப்பைப் புளித்த நீரிலிட்டு அகற்றினால் மேலே வெள்ளி மட்டும் மிஞ்சிப் பளபளக்கும். நம் தட்டார்களுக்கு இது அன்றாட வேலை. பின்னர் அக்காசு பல நூற்றாண்டுகள் மண்ணில் கிடக்கும்போது, எஞ்சிய செம்பும் மேற்பரப்பிலிருந்து கரைந்து போகிறது. ஆக, பழங்காசின் தோல் அதன் உடம்பைவிடத் தூய்மையானது. எக்ஸ் கதிர்க் கருவி காசைச் சேதப்படுத்தாமல் நொடிப்பொழுதில் உலோக விகிதத்தைச் சொல்லிவிடும். ஆனால் அது காண்பது அந்தத் தோலை மட்டுமே.

இதன் விளைவை உரோம வரலாற்றிலேயே காணலாம். கி.பி. 64இல் நீரோ மன்னன் தினாரியசின் எடையைக் குறைத்தான். முன்பு ஓர் உரோம இராத்தலுக்கு 84 காசு. அவன் காலத்தில் 96. வெள்ளியின் மாற்றையும் அப்போது ஏறத்தாழ 93 விழுக்காடாகச் சற்றே குறைத்தான் என்று முந்தைய ஆய்வுகள் கணித்திருந்தன. கெவின் புட்சர், மேத்யூ பாண்டிங் ஆகிய இருவரும் காசின் விளிம்பில் நுண்ணிய துளையிட்டு உள்ளிருந்து மாதிரி எடுத்துச் சோதித்தார்கள். 2014இல் நூலாக வெளிவந்த அவ்வாய்வின்படி நீரோவின் 64ஆம் ஆண்டுக் காசில் வெள்ளி ஏறத்தாழ 80 விழுக்காடுதான். 93க்கும் 80க்கும் இடையிலுள்ள வேறுபாடு ஒரு பேரரசின் நிதிநிலையைப் பற்றிய வேறொரு கதையாகும். துளை, நிறை, தீப்போக்கு என்ற நம் கல்வெட்டுச் சொற்களில் முதற்சொல் துளை என்பதை இங்கே நினைவுகூரலாம்.

தென்னிந்தியப் புதையல்களில் நீரோவின் சீர்திருத்தத்துக்குப் பிந்தைய வெள்ளிக் காசுகள் மிக அரிது என்பது நாணயவியலார் ஒப்பும் செய்தி. மாற்றுக் குறைந்த காசை நம் வணிகர் ஏற்கவில்லை என்று ஒரு சாராரும், உரோம வணிகரே பழைய நல்ல காசுகளைப் பொறுக்கியெடுத்து அனுப்பினர் என்று மற்றொரு சாராரும் கூறுவர். எவ்வாறாயினும், எங்கோ ஒரு துறைமுகத்தில், ஏதோ ஒரு மேசையில், இரு காசுகளுக்கும் வேறுபாடு கண்டறிந்த கை ஒன்று இருந்திருக்கிறது. செருமானியக் குடிகளும் இவ்வாறே பழகிய பழைய காசுகளையே விரும்பினர் என்று டாசிடஸ் எழுதியிருக்கிறார். இலங்கை அரசன் ஒருவன், கரையொதுங்கிய உரோமன் கையிலிருந்த தினாரியசுகளில் வெவ்வேறு அரசர் முகங்கள் இருந்தும் எடை ஒன்றாகவே இருந்ததைக் கண்டு வியந்து உரோமரின் நேர்மையை மெச்சினான் என்று பிளினி கூறுகிறார். கதை உரோமரைப் புகழ்வதற்காகச் சொல்லப்பட்டது. ஆனால் வந்த காசை இலங்கை அரசவை முதலில் தராசில் வைத்தது என்பதைப் பிளினி தம்மை அறியாமலே பதிவு செய்துவிட்டார்.

அரசும் கலப்பு செய்யும் என்பதற்கு அர்த்தசாத்திரமே சான்று. வெள்ளிப் பணத்தில் நான்கில் ஒரு பங்கு செம்பும், பதினாறில் ஒரு பங்கு இரும்பு, தகரம், ஈயம், அஞ்சனம் ஆகியவற்றுள் ஒன்றும் சேர்க்கச் சொல்கிறது அந்நூல். கழித்துப் பார்த்தால் 16 பங்கில் 11 பங்கே வெள்ளி. ஏறத்தாழ 69 விழுக்காடு. அதே நூலில் காசு அடிப்பவருக்கு ஓர் அதிகாரியும், காசைச் சோதிப்பவருக்கு ‘ரூபதர்சகன்’ என்ற வேறோர் அதிகாரியும் உள்ளனர். நூலின் காலம் பற்றிக் கருத்து வேறுபாடுகள் உண்டு. ஆயினும் அடிப்பவனும் சோதிப்பவனும் ஒருவராக இருக்கக்கூடாது என்ற அறிவு இந்நூலுக்கு இருந்தது. மௌரியர் காலத் தட்சசீலக் காசுகளில் எடைத் துல்லியம் தளர்ந்து செம்பு மிகுந்ததைக் கோசாம்பி ஒரு பேரரசின் நெருக்கடியாகப் படித்தார்.

இவையெல்லாம் பழங்கதை என்று கருதுவோர் தம் வீட்டுப் பெட்டியைத் திறந்து பார்க்கலாம். விக்டோரியா காலத்து வெள்ளி ரூபாயில் வெள்ளி 91.7 விழுக்காடு, இரண்டாம் உலகப்போர் நெருக்கடியில் 1940 முதல் வந்த ஆறாம் ஜார்ஜ் ரூபாயில் 50 விழுக்காடே. இரண்டும் வெள்ளி ரூபாய் என்றே அழைக்கப்பட்டன. கல்லில் போட்டு ஓசை கேட்டும், சுண்டிப் பார்த்தும் வேறுபாட்டைக் கண்டுகொண்ட பாட்டிமார்களைச் சென்ற தலைமுறை பார்த்திருக்கிறது. அவர்களே கடைசி வண்ணக்கர்கள் எனலாம்.

*

இன்று நிகழ்வது என்ன? புதையல் ஒன்று வெளிப்பட்டால் அதன் முதல் எதிரி புளியும் அமிலமும்தான். அழுக்குப் போகக் காசைத் தேய்த்துப் பளபளப்பாக்கினால்தான் விலை கிடைக்கும் என்று விற்பவர் நம்புகிறார். பளபளப்பான காசைத்தான் வாங்குபவரும் கேட்கிறார். தேய்க்கும்போது மென்மையான பின்புறக் குறிகள் முதலில் மறைகின்றன. மேற்பரப்பின் வேதியியல் மாறிவிடுவதால், பின்னர் எக்ஸ் கதிர் காட்டும் எண்ணும் பொருளற்றுப் போகிறது. அடுத்ததாகப் புதையல் பிரிகிறது. வெட்டும் குறியும் இல்லாத அழகிய காசுகள் சேகரிப்பாளரிடம் செல்கின்றன. ‘பழுதுபட்டவை’ உருக்குலைக்குச் செல்கின்றன. சோதனைக் குறியை அழகுக்குறைவு என்று எண்ணும் சந்தை, வரலாற்றின் நேர்வாக்குமூலத்தை உருக்கிக் கொலுசாக்கிவிடுகிறது.

சட்டம் இல்லாமல் இல்லை. 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டத்தின்படி பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள புதையலைக் கண்டெடுத்தவர் ஆட்சியருக்கு அறிவிக்க வேண்டும். கண்டெடுத்தவருக்கும் நிலவுரிமையாளருக்கும் உரிய உரிமைகளையும் அச்சட்டம் வகுத்திருக்கிறது. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் நூறாண்டைக் கடந்த காசுகளின் ஏற்றுமதியைத் தடுக்கிறது. ஆனால் காசு கிடைத்தால் காவல் நிலையத்தில் அலைய வேண்டும் என்ற அச்சமே மக்களிடம் மிகுதி. நேர்மையாக அறிவித்தவர் உரிய மதிப்போடு நடத்தப்பட்டார் என்ற செய்தி ஊரில் பரவினால், அது சட்டத்தைவிடப் பெரும் பணி செய்யும்.

பழியைச் சந்தையின் மீது மட்டும் போட்டுவிட இயலாது. ஆய்வுலகிலும் காசின் அரசமுகத்தை மட்டும் படமெடுத்து, பின்புறத்தை ‘தெளிவில்லை’ என்ற ஒரு சொல்லில் முடித்துவிடும் பட்டியல்கள் உள்ளன. எடை இராது, விளிம்பின் படம் இராது, எந்தத் தொகுதியோடு கிடைத்தது என்ற குறிப்பு இராது. கரூர் அமராவதி ஆற்று மணலில் கிடைத்த ‘மாக்கோதை’, ‘குட்டுவன் கோதை’ என்ற பெயர் பொறித்த வெள்ளிக் காசுகளை எண்ணிப் பாருங்கள். தலை உருவமும் தமிழி எழுத்தும் கொண்ட இக்காசுகளை வெளியிட்டு உலகறியச் செய்ததில், 2021இல் மறைந்த இரா. கிருஷ்ணமூர்த்தி அவர்களின் பங்கு பெரிது. பெயர்கள் கிடைத்ததும் நம் பெருமிதம் நிறைவடைந்துவிட்டது. வெள்ளி எங்கிருந்து வந்தது என்பது அதே அளவு முதன்மையான கேள்வி. பண்டை நாளில் வெள்ளியைப் பெரும்பாலும் ஈயத் தாதுவிலிருந்தே புடமிட்டுப் பிரித்தார்கள். இராசத்தானத்தில் அத்தகைய பழஞ்சுரங்கங்கள் உள்ளன. அவ்வாறு எடுத்த வெள்ளியில் சிறிதளவு ஈயமும் பொன்னும் தங்கிவிடும். அத்தடயங்களைக் கொண்டு வெள்ளியின் பிறப்பிடத்தை ஆராயலாம். அவை அறவே இல்லாத மிகத்தூய வெள்ளியாக இருந்தால், காசு அண்மைக் காலக் கள்ளப்பொருள் என்று ஐயுறலாம். சேரன் பெயரை அறிவதற்கு எழுத்து உதவும். உரோமக் காசை உருக்கித்தான் சேரன் தன் காசை அடித்தானா என்பதை அறிய உலோகம்தான் உதவும்.

காசில் துளையிடுவது பாவம், அது தொல்பொருளைச் சிதைப்பது என்ற மறுப்பு எழும். நியாயமான மறுப்பே. அரிய தனிக் காசைத் துளையிட யாரும் சொல்லவில்லை. ஒரே வகையைச் சேர்ந்த நூற்றுக்கணக்கான காசுகள் உள்ள புதையலில், தேய்ந்த சில காசுகளின் விளிம்பில் ஊசிமுனையளவு மாதிரி எடுப்பது சிதைவாகாது. அதுவும் வேண்டாம் என்றால், காற்றிலும் நீரிலும் நிறுத்து ஒப்படர்த்தி காணும் பழைய முறை இருக்கவே இருக்கிறது. வெள்ளிக்கு 10.5, செம்புக்கு 8.9, இடைப்பட்ட எண் கலப்பின் அளவைத் தோராயமாகச் சொல்லிவிடும். ஈயம் கலந்திருந்தால் இம்முறை பிழைபடும் என்ற எச்சரிக்கையோடு, ஒரு கல்லூரி ஆய்வகத்திலேயே இதைச் செய்யலாம். இயற்பியல் துறையும் தமிழ்த் துறையும் ஒரே வளாகத்தில், ஒரே வேப்பமரத்தின் இரு பக்கங்களில் இருக்கின்றன. நடுவிலுள்ள தூரம் பத்தடிதான்.

கீழடியின் ஏழாம் கட்ட அகழாய்வில் 2021இல் வெள்ளி முத்திரைக் காசு ஒன்று கிடைத்தபோது தமிழுலகம் மகிழ்ந்தது. மகிழ்ச்சி முறையானதே. அந்த ஒரு காசின் மதிப்பு அதன் வெள்ளியில் இல்லை. அது எந்த மண்ணடுக்கில், எவற்றோடு கிடைத்தது என்பதில் இருக்கிறது. அதே காசு கடைத்தெருவில் பளபளப்பாகத் தேய்க்கப்பட்டுக் கண்ணாடிப் பெட்டியில் கிடந்திருந்தால், எத்தனை குறி இருந்தும் அது நமக்கு எதுவும் சொல்லியிராது.

ஆகவே நம் வேண்டுகோள் எளியது. காசு வைத்திருக்கும் அன்பர்கள் அதைத் தேய்க்க வேண்டா. இரு பக்கமும் விளிம்பும் படமெடுத்து, எடையைக் கிராமில் இரண்டு பதின்மத் தானம் வரை குறித்து, எங்கே எவற்றோடு கிடைத்தது என்பதையும் எழுதி வையுங்கள். வாங்குவோர் வெட்டுப்பட்ட காசைக் குறைவாக மதியாதிருங்கள். எழுதுவோர் ஒரு குறியை எழுத்தென்று அறிவிப்பதற்கு முன் அதே குறி அமைந்த பத்துக் காசுகளையேனும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தமிழ்த் துறைகள் சங்கப் புலவர் பெயர்களைக் கற்பிக்கும்போது வண்ணக்கன் என்ற சொல்லருகே ஒரு வகுப்பு நேரம் நின்று செல்லட்டும்.

தொன்மையின் மீது நமக்குள்ள பற்று ஐயத்துக்குரியதன்று. ஆனால் சோதிக்கப்படாத பற்று, வாசி கொண்ட காசு; சொந்த ஊரில் செல்லும், அயலூர்க் கடைத்தெருவில் கழிவு கேட்பார்கள். வடக்கிலிருந்து வந்த காசையும், யவனர் கொணர்ந்த காசையும், தம் அரசன் அடித்த காசையும் ஒரே தராசில் நிறுத்தவர்கள் நம் வண்ணக்கர்கள். காசைச் சோதித்த கையாலேயே அவர்கள் பாடலும் எழுதினார்கள்.